சுருளிலிருந்து ஏட்டுக்கு: ஜப்பானியப் படச்சுருள்கள் அச்சு நூல்களான விதம்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஜப்பானில் அச்சான படநூல்கள் சிலவற்றைப் புரட்டினால், முதல் பார்வையில் விளங்காத சில வழக்கங்கள் கண்ணில் படும். மாளிகைக்குக் கூரை இருக்காது. மேலிருந்து எட்டிப் பார்ப்பவரைப் போல நாம் அறைகளுக்குள் பார்ப்போம். படத்தின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் மேகப் பட்டைகள் ஓடும். ஓர் ஊர்வலத்தின் முன்வரிசை ஒரு பக்கத்தில் நின்றுவிடும். மற்றவர்களைக் காணத் தாளைத் திருப்ப வேண்டும். இந்தப் படங்கள் கையால் விரித்துப் பார்க்கும் நீண்ட சுருளுக்காக முதலில் கற்பனை செய்யப்பட்டவை என்பதற்கு இவையே தடயங்கள். இடைக்காலப் படச்சுருள்கள் மரப்பலகை அச்சு வழியாக நூல்களானபோது என்ன நிகழ்ந்தது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் சுருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் ‘எமாகி’ என்றழைக்கும் படச்சுருள், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமும் பல மீட்டர் நீளமும் உடையது. காகிதத் தாள்களை, சில சமயம் பட்டுத் துணியை, பக்கவாட்டில் ஒட்டி நீட்டி, அதில் எழுத்தும் படமும் மாறி மாறி வருமாறு அமைப்பார்கள். பார்ப்பவர் அதைத் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்து, இடக்கையால் விரித்தபடி வலக்கையால் சுருட்டிக்கொண்டே போவார். எந்த நேரத்திலும் அவர் கண்முன் இருப்பது இரண்டு கைகளுக்கு இடையிலுள்ள பகுதி மட்டுமே. கதை வலமிருந்து இடமாக நகரும். எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் கையே முடிவு செய்யும்.

இந்த வடிவத்தின் ஆற்றலை உணர, பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரையப்பட்டு, ஷிகிசான் மலைக்கோயிலுக்கு உரிமையாயிருக்கும் மூன்று சுருள்களில் முதலாவதைப் பார்க்கலாம். துறவி ஒருவரின் பிச்சைப் பாத்திரம் பறந்து வந்து, செல்வர் ஒருவரின் நெற்களஞ்சியத்தைக் கட்டடத்தோடு தூக்கிக்கொண்டு போகும் கதை அது. விரிக்க விரிக்க, முதலில் அலறியடித்து ஓடிவரும் மக்கள் தெரிவார்கள். அவர்கள் எதைப் பார்த்துக் கூவுகிறார்கள் என்பது தெரியாது. இன்னும் சற்று விரித்த பின்னரே, நீர்ப்பரப்பின் மேலே மிதந்து செல்லும் களஞ்சியம் வெளிப்படும். முகங்களின் திகைப்பு முன்னால், திகைப்பின் காரணம் பின்னால் என்ற இந்த வரிசை, முழுப் படத்தையும் ஒரே பார்வையில் காட்டும் எந்த வடிவத்திலும் கிட்டாது. அதே தொகுப்பின் மூன்றாம் சுருளில், தம்பியைத் தேடிவரும் துறவினி ஒருத்தி தோதாய்-ஜி கோயிலின் பெரும் புத்தர் முன் இரவு முழுவதும் வேண்டுகிறாள்; ஒரே மண்டபத்துக்குள் அவளுடைய உருவம் வெவ்வேறு நிலைகளில் பல முறை வரையப்பட்டுள்ளது. அங்கு நிற்பது பல பெண்கள் அல்லர், ஓர் இரவின் பல வேளைகள். கூரையை நீக்கி வரைவதும், மூடுபனிப் பட்டையால் காலத்தையும் இடத்தையும் பிரித்துக் காட்டுவதும் இதே மரபைச் சேர்ந்த உத்திகள்.

இத்தகைய சுருள்கள் அரசவைக்கும் பிரபுக்களுக்கும் பெருங்கோயில்களுக்கும் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. மறுபிரதி வேண்டுமானால் ஓர் ஓவியர் உட்கார்ந்து முழுவதையும் மீண்டும் வரைய வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் கோ-ஷிராகாவா செய்வித்த, அரசவையின் ஆண்டுச் சடங்குகளைக் காட்டும் சுருள்கள் மறைந்துவிட்டன; அவற்றின் தோற்றத்தை நாம் இன்று அறிவது, சுமியோஷி ஜோக்கெய் என்ற ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் எடுத்த பிரதியால்தான். ஆகவே பிற்கால அச்சு நூல்களுக்குப் படம் வரைந்தவர்களில் பலர் மூலச் சுருளைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஓவியப் பரம்பரைகளில் கைமாறி வந்த மாதிரிப் படங்களே, அதாவது பிரதியின் பிரதிகளே, அவர்களுக்குக் கிடைத்தன. ‘சுருளைத் தழுவிய நூல்’ என்று சொல்லும்போது இந்த இடைப்படிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அச்சும் படச்சுருளும் முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்தபோது சுருள் நூலாகவில்லை, சுருளாகவே அச்சாயிற்று. ஒருவர் ஓதும் புத்தர் பெயர் அனைவருக்கும் பயன்தரும் என்று போதித்த துறவி ரியோனின் என்பவரின் வரலாற்றைச் சொல்லும் ‘யூசூ நென்புத்சு எங்கி’ 1314-இல் உருவான இரு சுருள் தொகுதி. அதை நாடெங்கும் பரப்ப விரும்பிய ரியோசின் என்ற துறவி கைப்பிரதிகளோடு நிற்காமல் மரப்பலகையிலும் செதுக்கச் செய்தார். 1391-இல் நிறைவேறிய அந்த அச்சுச் சுருளின் பிரதி ஒன்று ஒசாகாவின் தைனென்புத்சு-ஜி கோயிலில் உள்ளது. அச்சிட்ட தாள்களை ஒட்டி நீட்டிச் சுருட்டியதால், படம் எங்கும் அறுபடவில்லை. ஒரு பிரதியை நூறு பிரதிகளாக்கும் வலிமை பலகைக்கு உண்டு என்பதை இது காட்டியது. ஆனால் சுருள் செய்வது செலவுமிக்கது. நடுவிலுள்ள ஒரு காட்சியைக் காணவும் முழுவதையும் விரிக்க வேண்டும். 1603-இல் தோக்குகாவா குலத்தின் ஆட்சி நிலைபெற்ற பின், கியோட்டோவிலும் பிறகு ஒசாகாவிலும் எடோவிலும் (இன்றைய தோக்கியோ) பதிப்பாளர்கள் பெருகியபோது, அவர்கள் விற்றது தைத்துக் கட்டிய நூல்களையே.

இங்குதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. எனவே நூலின் கட்டமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பெரும்பாலான ஜப்பானியப் பழம் நூல்களில் தாளின் ஒரு புறம் மட்டுமே அச்சாகும். ஒரு பலகையில் இரண்டு பக்கங்கள் அருகருகே செதுக்கப்படும்: அச்சான தாளில் வலப்பாதி முதல் பக்கம், இடப்பாதி அடுத்த பக்கம். அச்சான தாளை, எழுத்து வெளியே தெரியுமாறு நடுவில் மடித்து, மடிப்பை நூலின் வெளி ஓரத்திலும் திறந்த விளிம்புகளை முதுகுப் பக்கத்திலும் வைத்துத் தைப்பார்கள். ஆகவே ஒவ்வோர் ஏடும் ஓர் உறை போல உள்ளே வெற்றாக இருக்கும். மடிப்பு விழும் நடுக்கோட்டில் நூலின் சுருக்கப் பெயரும் ஏட்டு எண்ணும் செதுக்கப்பட்டிருக்கும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நூலைத் திறக்கும்போது நம் கண்முன் ஒருசேரத் தெரியும் இரு பக்கங்கள் ஒரே பலகையில் செதுக்கப்பட்டவை அல்ல. வலப்புறம் இருப்பது முந்தைய தாளின் இரண்டாம் பாதி, இடப்புறம் இருப்பது அடுத்த தாளின் முதல் பாதி. மாறாக, ஒரே பலகையில் அருகருகே செதுக்கப்பட்ட இரு பாதிகளையும் வாசகர் ஒருபோதும் ஒருசேரக் காண்பதில்லை. அவற்றின் நடுவே தாள் திருப்பும் செயல் குறுக்கிடுகிறது. சுருளிலிருந்து ஓர் அகலமான காட்சியை எடுத்து இரு பக்கங்களில் விரிக்க விரும்பும் ஓவியர், அதை இரண்டாக வெட்டி இரண்டு வெவ்வேறு பலகைகளுக்குப் பகிர்ந்து வரைய வேண்டும். கோடுகள் நடுவில் சேர வேண்டும். ஆனால் தையலுக்காக விட்ட ஓரமும் பக்கத்தைச் சுற்றியுள்ள சட்டக்கோடும் அவற்றைப் பிரித்தே வைக்கும். எனவே திறமையான வரைஞர்கள் முக்கியமான முகத்தையோ செயலையோ நடுப்பிளவில் வைப்பதைத் தவிர்த்தார்கள்; அங்கே சுவரையோ நீரையோ மேகத்தையோ ஓடவிட்டார்கள். சுருளில் காலத்தைப் பிரிக்கப் பயன்பட்ட மூடுபனிப் பட்டை, நூலில் வெட்டுக்காயத்தை மறைக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டது.

ஒரு வசதி இருந்தது: ஜப்பானிய நூலும் வலமிருந்து இடமாகவே வாசிக்கப்படுவதால், கதையின் திசை மாறவில்லை. மாறியது அதன் நடை. சுருளில் தொடர்ந்து வழிந்த காலம், நூலில் தாள்தோறும் நின்று நின்று நகர்கிறது. அடுத்து வரவிருப்பதைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தும் உத்தி போய், தாள் திருப்பியவுடன் சட்டென்று முழுதாகக் காட்டும் உத்தி வந்தது. இதை வெறும் இழப்பு என்று சொல்ல நான் தயங்குவேன். சுருளின் மெல்லிய எதிர்பார்ப்புக்குப் பதிலாக நூலுக்கு ஒரு திடுக்கம் கிடைத்தது. அரக்கர் கதைகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

மற்றொரு மாற்றம் கோட்டைச் சார்ந்தது. மரப்பலகை அச்சில், இறுதி வரைபடத்தை மெல்லிய தாளில் வரைந்து, அதை முகம் கீழாகச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோடுகளை விட்டு மற்றவற்றைச் செதுக்கி எடுப்பார்கள். அந்த வரைபடம் செதுக்கலிலேயே அழிந்துவிடும். பின்னர் பலகையில் மை தடவி, தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் உறையால் சுற்றிய தட்டையான தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். பல பழம் சுருள்களில், குறிப்பாக ‘கெஞ்சி’ என்ற இளவரசனின் கதையைச் சொல்லும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுருள்களில், தடித்த வண்ணப் பூச்சு அடிக்கோட்டை மூடியிருக்கும். அச்சில் வண்ணம் நீங்கிக் கறுப்புக் கோடு மட்டுமே எஞ்சியது. துணியின் நெசவையும் மரத்தின் நரம்பையும் வீரனின் கவசத்தையும் வண்ணத்தின் உதவியின்றிப் புள்ளிகளாலும் கோடுகளாலும் வேறுபடுத்த வேண்டிய கட்டாயம் செதுக்குவோருக்கு ஏற்பட்டது.

வண்ணத்தின் ஏக்கம் மட்டும் உடனே போய்விடவில்லை. ஏறத்தாழ 1620-கள் முதல் 1660-கள் வரை வெளிவந்த ‘தான்ரொக்குபோன்’ என்ற நூல்வகையில், அச்சான கறுப்புக் கோட்டுப் படங்களின்மேல் செம்மஞ்சள், பச்சை, மஞ்சள் ஆகிய சில நிறங்களைத் தூரிகையால் கையாலேயே தீற்றினார்கள். வேகமாகச் செய்த வேலை அது. நிறம் கோட்டைத் தாண்டி வழியும், மலைமேல் விழ வேண்டிய பச்சை வானத்திலும் விழும். என் கண்ணுக்கு, ஒழுங்காகப் பூசிய பல பிற்கால நூல்களைவிட இந்த அவசரத் தீற்றல்களே உயிரோட்டமாகத் தெரிகின்றன. இதே காலத்தில், சுருள் கதைகளை முழுவதும் கையால் எழுதி வரைந்து, தங்கத் தூளும் சேர்த்து, தைத்த நூல்களாக்கும் ‘நாரா எஹோன்’ என்ற வகையும் செல்வர்களுக்காகச் செய்யப்பட்டது. சுருளுக்கும் மலிவான அச்சு நூலுக்கும் இடையிலான பாலம் என்று அதைச் சொல்லலாம்.

அந்தப் பாலத்தின் மறுகரையில் நிற்பது ஒசாகாப் பதிப்பாளர் ஷிபுக்காவா செய்யெமோன் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விற்ற 23 கதைகளின் தொகுப்பு. நாரா எஹோன் நூல்களைப் போலவே உயரம் குறைந்து அகலம் மிகுந்த வடிவத்தில் அவற்றை அச்சிட்டார்கள். அதிலுள்ள ‘ஷுதென் தோஜி’ கதை, ஓஏ மலையில் வாழ்ந்து தலைநகரின் பெண்களைக் கவர்ந்து செல்லும் அரக்கனை, மினாமோத்தோ நோ ராய்க்கோ என்ற வீரரும் அவருடைய தோழர்களும் மலைத்துறவிகளாக வேடமிட்டுச் சென்று, நஞ்சு கலந்த மதுவைக் கொடுத்துக் கொல்வதைச் சொல்வது. இக்கதையின் மிகப் பழைய சுருள் பதினான்காம் நூற்றாண்டினது. ஒசாகாவை அடுத்த இக்கெதா நகரின் இத்சுவோ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியர் கானோ மொத்தோனொபு பதினாறாம் நூற்றாண்டில் வரைந்த மூன்று சுருள்களைத் தோக்கியோவின் சன்டோரி அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. வெட்டுண்ட தலை பறந்து வந்து ராய்க்கோவின் தலைக்கவசத்தைக் கடிக்கும் காட்சி இக்கதையின் உச்சம். சுருளில் செந்நிறம் பெருகும் அதே காட்சியை அச்சு நூல் சில கறுப்புக் கோடுகளில் முடித்துக்கொள்கிறது. பிரபு வீட்டில் மட்டும் இருந்த கதை வணிகர் வீட்டுக்கும் வந்தது அந்தக் கோடுகளால்தான்.

கோயில்கள் வேறொரு வழியில் சென்றன. ஜோதோ பௌத்தப் பிரிவைத் தோற்றுவித்த ஹோனென் (1133–1212) அவர்களின் வாழ்வைச் சொல்லும் சித்திர வரலாறு பதினான்காம் நூற்றாண்டில் உருவானது. அமிதா புத்தரின் 48 உறுதிமொழிகளைக் கருதி அதை 48 சுருள்களாக அமைத்தார்கள். கியோட்டோவின் சியோன்-இன் கோயிலில் அது இருக்கிறது. 1697-இல் ஹோனெனுக்கு ‘எங்கோ தாய்ஷி’ என்ற பட்டத்தை அரசவை அளித்தது. அதன் பின் சில ஆண்டுகளில், எஞ்சி, கிசான் என்ற துறவிகளின் உழைப்பால் அந்தச் சித்திர வரலாறு விரிவான உரையோடு 60 தொகுதிகளாக அச்சேறியது. ஆள் பெயர்கள், இடங்கள், சடங்குகள் ஆகியவற்றுக்கெல்லாம் விளக்கம் சேர்ந்ததால், வணங்கிப் பார்க்கப்பட்ட பொருள் உட்கார்ந்து படிக்கும் நூலாயிற்று. சுருளை விரித்து ஒருவர் வாயால் விளக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் பல கோயில்களில் இருந்தது. வாக்கயாமா மாநிலத்தின் தோஜோ-ஜி கோயிலில் இன்றும் துறவிகள் சுருளை விரித்துக் கதை சொல்கிறார்கள். உரைநூல் அந்தச் சொல்லியின் இடத்தை எழுத்துக்குக் கொடுத்துவிட்டது.

எல்லாச் சுருள்களும் நூலாக மாற இவ்வளவு சிரமப்படவில்லை. 1500-ஐ ஒட்டித் தோன்றிய ‘எழுபத்தொரு சுற்றுத் தொழிலாளர் கவிப்போட்டி’ என்ற சுருளில், தச்சர், கொல்லர், மீன் விற்பவள் என 142 தொழிலாளர்கள் இருவர் இருவராக வந்து, நிலவையும் காதலையும் பாடுகிறார்கள். அவர்கள் பேசும் சிறு வாக்கியங்களும் படத்தருகே எழுதப்பட்டுள்ளன. அவர்களுக்குப் பின்னால் தொடர்ச்சியான நிலக்காட்சி கிடையாது. எனவே கத்தரித்துப் பக்கங்களில் வைத்தால் எதுவும் அறுபடாது. 1657-இல் இது அச்சானது. 1685-இல் ஓவியர் ஹிஷிகாவா மொரோனொபு இதை அடிப்படையாகக் கொண்டு தம் கைவண்ணத்தில் ஒரு தொழிலாளர் படநூலை வெளியிட்டார். சிறுவயதிலேயே பார்வையிழந்த அறிஞர் ஹனாவா ஹொக்கிஇச்சி தொகுத்த ‘குன்ஷோ ருய்ஜூ’ என்ற மாபெரும் நூல்திரட்டிலும் இது படங்களோடு இடம்பெற்றது. அந்தத் திரட்டுக்காகச் செதுக்கிய 17,244 செர்ரி மரப் பலகைகள் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் இன்றும் காக்கப்படுகின்றன. ஒரு பழம் நூலின் பலகைகள் இவ்வளவு முழுமையாக எஞ்சுவது அரிது. பலகைகளைத் தேய்ந்தபின் சீவி மறுபடி பயன்படுத்துவதும் எரிப்பதுமே பெரும்பாலும் நடந்தது.

சுருளை நூலாக்குவதில் மிகத் துணிச்சலான முடிவை எடுத்தவர் தோரியாமா செக்கியென் என்ற ஓவியரே என்று நினைக்கிறேன். கியோட்டோவின் தைதொக்கு-ஜி கோயில் வளாகத்தைச் சேர்ந்த ஷிஞ்சு-ஆன் என்ற துணைக்கோயில் வைத்திருக்கும் பதினாறாம் நூற்றாண்டுச் சுருளில், கைவிடப்பட்ட பழைய பொருள்கள் பேயுருக் கொண்டு இரவில் ஊர்வலம் போகின்றன. எழுத்தே கிடையாது, எந்த உருவத்துக்கும் பெயர் கிடையாது. வீணையை ஒத்த நரம்புக் கருவியாகிய பீவா, கோத்தோ என்ற நீண்ட நரம்புக் கருவியைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்வதை அதில் காணலாம். 1776-இல் செக்கியென் வெளியிட்ட மூன்று தொகுதி நூலில், ஊர்வலம் என்ற எண்ணத்தையே கைவிட்டார். பேய்களைத் தனித்தனியாகப் பிரித்து, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி, பெயரும் எழுதி, ஒரு படவகராதி போல ஆக்கினார். 1784-இல் வந்த அவருடைய மற்றொரு நூலில் பீவாவும் கோத்தோவும் கயிற்றை விட்டு விலகி, ஆளுக்கொரு பெயரும் குறிப்பும் பெற்றுத் தனித்து நிற்கின்றன. தாளின் மடிப்பு சுருளை வெட்டும் என்றால், வெட்டையே அமைப்பாக்கிவிடலாம் என்பது அவர் கண்ட வழி. இன்று ஜப்பானியப் பேய்களுக்குப் பெயரும் உருவமும் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு அந்நூல்கள் பெருங்காரணம்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓவியர் கவானாபே கியோசாய் எதிர்த்திசையில் சென்றார். அவர் மறைந்த 1889-இல் வெளிவந்த அவருடைய பேய்நூல், வண்ண அச்சில், விசிறி மடிப்பாக மடித்த ஏடுகளைக் கொண்டது. பக்கம் பக்கமாகவும் திருப்பலாம். இழுத்து நீட்டினால் ஊர்வலம் மீண்டும் அறுபடாமல் ஓடும்.

இத்தகைய பழம் நூல் ஒன்றை இணையத்திலோ அருங்காட்சியகத்திலோ பார்க்க நேர்ந்தால், ஆண்டைக் கணிப்பதில் எச்சரிக்கை தேவை. நூலின் இறுதியிலுள்ள பதிப்புக் குறிப்பில் ஆண்டும் பதிப்பாளர் பெயரும் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு பலகை செதுக்கிய ஆண்டாக இருக்கலாமே தவிர, கையிலுள்ள பிரதி அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பதிப்பாளர்கள் பலகைகளை விற்றார்கள். வாங்கியவர் தம் பெயரை மட்டும் மாற்றிச் செதுக்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சிட்டார். முற்கால அச்சில் கோடுகள் கூர்மையாகவும் பக்கச் சட்டக்கோடு முழுமையாகவும் இருக்கும். பிற்கால அச்சில் சட்டக்கோட்டில் இடைவெளிகள் விழும், மெல்லிய தலைமயிர்க் கோடுகள் தடித்துக் கலங்கும். அச்சான நூலின் ஏட்டையே புதிய பலகையில் ஒட்டி மறுசெதுக்கல் செய்வதும் வழக்கம். அத்தகைய பிரதியைத் தனியாகப் பார்த்தால் மூலம் போலவே தோன்றும், முற்காலப் பிரதியோடு அருகருகே வைத்தால்தான் கோட்டின் உயிர் குறைந்திருப்பது தெரியும். ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் இத்தகைய நூல்கள் பலவற்றை முழுமையாக எண்மமாக்கி வெளியிட்டிருப்பதால், ஒரே நூலின் இரண்டு பிரதிகளைத் திரையில் திறந்து, அதே ஏட்டின் சட்டக்கோடு எங்கே உடைந்திருக்கிறது என்று ஒப்பிடுவது இப்போது எவராலும் இயலும்.